நம் ஊருக்கு ‘ஓ.டி.’ வந்த கதை



இந்த வாரம் எடுத்துக்கொண்டது அரசர்கள் இல்லாத வரலாறு. போர் உண்டு, ஆனால் ஓரமாகத்தான் வரும். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

“குழந்தையை ஓ.டி.க்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள்.” இந்தப் பேச்சு இப்போது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்பதைச் சுருக்கி ஓ.டி. என்கிறார்கள். தமிழில் செயல்முறை சிகிச்சை என்றும் தொழில்வழி சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். சொன்னவுடன் பெரியவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, “ஆக்குபேஷன் என்றால் உத்தியோகம்தானே, நாலு வயசுக் குழந்தைக்கு என்ன உத்தியோகம்?” இரண்டு, “நம் காலத்தில் இதெல்லாம் ஏது? இப்போது புதிதாகக் கிளப்பிவிடுகிறார்கள்.”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். சாப்பிடுவது, பல் தேய்ப்பது, சட்டைப் பட்டன் போடுவது, செருப்பு மாட்டுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, பென்சில் பிடிப்பது, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது. இவைதான் குழந்தையின் உத்தியோகம். மூளை, நரம்பு, தசை, புலன் இவற்றில் ஏதோ ஒன்றின் காரணமாக இந்த வேலைகள் கைகூடாமல் போகும்போது, அவற்றைச் செய்ய வழி கண்டுபிடித்துப் பழக்குவதே ஓ.டி. பிசியோதெரபி என்கிற இயன்முறை சிகிச்சை இதன் அக்கா மாதிரி. மூட்டு மடங்கவும், தசை வலுப்பெறவும், கால் நிற்கவும் அது உதவும். நின்ற குழந்தை குழாயைத் திறந்து தானே முகம் கழுவ வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று கேட்பது ஓ.டி. நடைமுறையில் இரண்டும் கைகோத்துத்தான் நடக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வரலாறு வேண்டும்.

*பம்பாய்க்கு வந்த வழி*

1917 மார்ச் மாதம், அமெரிக்காவில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன். கட்டடக் கலைஞர். காசநோய் வந்து, உடம்பின் இடது பக்கம் செயலிழந்து படுத்தவர். தோட்ட வேலையும் மரவேலையும் செய்துதான் தேறினார். படுத்துக் கிடப்பதைவிடக் கைக்குப் பொருளுள்ள வேலை கொடுப்பது நல்ல மருந்து என்று தன் உடம்பிலேயே கண்டவர். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு இந்த முறை தேவைப்பட்டது. ஒரு சிறு சங்கத்தின் எண்ணம் தனித் தொழிலாக வளர்ந்தது.

அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கப் பெண்மணி. 1930இல் விஷ்ணு நிம்ப்கரை மணந்து இந்தியா வந்து கமலா நிம்ப்கர் ஆனார். பிறகு பிலடெல்பியாவில் ஓ.டி. படித்துத் திரும்பி, 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு பிறந்தபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனவே “புதிதாகக் கிளப்பிவிட்டார்கள்” என்பது சரியில்லை. நம் குடியரசுக்கும் இந்தத் தொழிலின் இந்தியப் பிறப்புக்கும் ஒரே வயது.

*அடையாற்றுக்கு வந்த வேறொரு வழி*

படிப்பு பம்பாய் வழியாக வந்தது. ஆனால் அந்தப் படிப்பு இன்று பயன்படுத்தும் பல பொருள்கள் அதற்கு முன்பே வேறு வழியாக அடையாற்றுக்கு வந்து இறங்கிவிட்டன.

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார், ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி இருவரின் அழைப்பில் தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். ஓல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி நடத்தினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரர் ஆனார். மகன் மாரியோவை அகமத்நகர் முகாமில் வைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். 1940 ஆகஸ்ட் 31, அவருடைய 70ஆவது பிறந்தநாளன்று மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. மாண்டிசோரி முறை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததல்ல. அம்மையார் மருத்துவர். 1900ஆம் ஆண்டு ரோம் நகரில், “இவை படிக்காது” என்று கைவிடப்பட்ட அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியில் பணியாற்றினார். அவருக்கு முன்னோடிகள் இட்டார், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள். தொட்டுப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கோத்துப் பார்த்துக் கை வழியாக அறிவு வளரும் என்பதை அந்தக் குழந்தைகளிடம்தான் அவர் கண்டார். அந்த அனுபவத்தோடுதான் 1907இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் புகழ்பெற்ற ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கினார்.

மரச்சட்டத்தில் துணி பொருத்தி, நடுவில் பட்டனோ, கொக்கியோ, கயிற்று முடிச்சோ வைத்திருப்பார்களே, அந்தச் சட்டத்தைப் பல மாண்டிசோரி வகுப்புகளில் பார்த்திருப்பீர்கள். இன்று ஓ.டி. அறைக்குள் போனாலும் அதே மாதிரிச் சட்டத்தைப் பார்க்கலாம். உருளை மரக்கட்டையைக் குழிக்குள் பொருத்துவது, சொரசொரப்பான தாளையும் வழவழப்பான தாளையும் தடவிப் பார்ப்பது, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தானியம் மாற்றுவது, எல்லாம் அப்படித்தான். கைவிடப்பட்ட குழந்தைகளிடம் கற்ற பாடம், நல்ல பள்ளிகளின் பெருமையாகி, மறுபடி அதே மாதிரிக் குழந்தைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

*போலியோ காலம்*

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தெருவிலும் போலியோவால் கால் சூம்பிய பிள்ளை ஒன்றாவது இருக்கும். இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டு டக் டக் என்று நடந்து வரும். அந்தக் காலத்தில் ‘ஊனமுற்ற குழந்தை’ என்றால் ஊரார் மனத்தில் தோன்றிய படம் அதுதான்.

அடையாறு பாலத்துக்கு வடக்கே துர்காபாய் தேஷ்முக் சாலை இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரியவர் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அவர் 1937இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபாவின் ஈஸ்வரி பிரசாத் தத்தாத்ரேயா எலும்பியல் மையம் அந்தச் சாலையில் போலியோ பாதித்த குழந்தைகளைக் கவனித்தது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, சி.எம்.சி.யில் அதற்கென ஒரு துறையையே வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

சொட்டு மருந்து வென்றது. 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ தாக்கிய குழந்தை இல்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் போலியோ ஒதுங்க ஒதுங்க, அதன் நிழலில் மறைந்திருந்த மற்ற குழந்தைகள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

போலியோ பெரும்பாலும் காலைத்தான் பிடிக்கும். அறிவு, பேச்சு, பெரும்பாலோருக்குக் கை எல்லாம் நன்றாக இருக்கும். காலிப்பரும் அறுவை சிகிச்சையும் நிறையச் செய்யும். செரிப்ரல் பால்சி என்கிற பெருமூளை வாதம் அப்படியல்ல. மூளைக்குச் சிறு வயதில், பல நேரம் பிறப்புக்கு முன்பே, ஏற்பட்ட சேதத்தால் கை இறுகும், உட்கார வராது, விழுங்க வராது, நாக்கு புரளாது. ஆட்டிசம் இன்னும் வேறு. கை கால் ஓடும், ஆனால் மிக்சி சத்தமோ சட்டைக் காலர் உரசலோ தாங்க முடியாத வேதனையாக இருக்கும். இவர்களுக்கு ஒரு கம்பியும் பட்டையும் போதாது. உட்காருவது முதல் ஊட்டிக்கொள்வது வரை ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துப் பழக்க ஆள் வேண்டும். ஓ.டி.யின் தேவை பெருகியது இதனால்தான்.

“நம் காலத்தில் ஏது?” என்பவர்களுக்கு இதுதான் பதில். நம் காலத்திலும் இந்தக் குழந்தைகள் இருந்தார்கள். பின்கட்டில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு அழைத்து வரவில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. அதனால் நம் கண்ணில் படவில்லை.

*அம்மாக்கள் கட்டியது*

பின்கட்டுக் கதவைத் திறந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அம்மாக்கள்.

மகள் மாலினிக்குப் பெருமூளை வாதம் என்று அறிந்த மிது ஆலூர், பிள்ளைக்கு இங்கிலாந்தில் கிடைத்த பயிற்சி இந்தியாவில் இல்லையே என்று 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அது கல்கத்தா, டெல்லி, பெங்களூர் என்று கிளைவிட்டது. 1985இல் சென்னைக்கு வந்தது. இங்கே தொடங்கியவர் பூனம் நடராஜன். அவரும் கடுமையான குறைபாட்டோடு பிறந்த ஒரு மகனின் தாய். கோட்டூர்புரத்தில் இன்று நாம் வித்யா சாகர் என்று அறியும் நிறுவனம் அதுதான். சிகிச்சை, படிப்பு, பேச முடியாதவர்களுக்குப் படப்பலகை வழித் தொடர்பு, சட்ட உரிமைக்கான போராட்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அவரே பின்னாளில் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்டுக்குத் தலைவரானார்.

தி.நகருக்கு வருவோம். ஜி.என். செட்டி சாலைப் பக்கம் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து ஆறு வயதுக்குள் பிடித்துவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தது. அவர்களுடைய பயிற்சித் திட்டத்தின் பெயர் ‘உபநயன்’. அங்கே குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். அம்மா கற்றுக்கொண்டு வீட்டில் செய்ய வேண்டும். மையத்தில் சில மணி நேரம், மீதி நாள் முழுக்க வீட்டில்.

இந்தச் சிந்தனைக்குப் பின்னால் இருந்த ஜெயச்சந்திரன், விமலா இருவரும் உருவாக்கிய ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை’ பற்றி ஆசிரியராக எனக்குத் தனி மரியாதை உண்டு. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு மதிப்பீட்டு முறை. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 திறன்கள், மொத்தம் 360. எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு வரியும் ‘இதைச் செய்கிறது’ என்று நேர்மறையாக எழுதப்பட்டது. குழந்தைக்கு மார்க் போட்டுத் தரம் பிரிக்கும் தாள் அல்ல அது. இன்று எந்தப் படியில் நிற்கிறது, நாளை எந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்று காட்டும் ஏணி. நம் பள்ளிகளின் விடைத்தாளும் இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

2001இல் வசுதா பிரகாஷ் தொடங்கி மந்தைவெளியில் இயங்கும் வி-எக்செல், தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், 2005இல் முட்டுக்காட்டில் வந்த பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் என்று பட்டியல் நீளும். இன்று தி.நகரிலும் அடையாற்றிலும் தெருவுக்குத் தெரு தெரபி சென்டர் பலகை தொங்குகிறது.

*அறைக்குள் என்ன நடக்கிறது?*

வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். “மணி கோக்கவா இவ்வளவு பணம்?” என்று தாத்தாக்கள் கேட்பது இதனால்தான். மணி கோக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கப் பழகுகின்றன. பட்டனுக்கும் பென்சிலுக்கும் அந்தப் பிடிதான் வேண்டும். களிமண் பிசைவதில் உள்ளங்கை வலுப்பெறுகிறது. ஊஞ்சலுக்கும் காரணம் உண்டு. உடலின் சமநிலையையும் தொடுதலையும் மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று கலிபோர்னியாவில் ஜீன் ஏர்ஸ் என்ற ஓ.டி. நிபுணர் ஆராய்ந்து 1972இல் நூல் எழுதினார். அதிலிருந்து வந்தவைதான் ஊஞ்சலும் பந்தும்.

இந்தப் புலன் பயிற்சி எல்லாக் குழந்தைக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2012லேயே ஆதாரம் வரம்புக்குட்பட்டது, பெற்றோரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள், பயன் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

நல்ல ஓ.டி.க்காரர்கள் செய்யும் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பார்கள். கால்சட்டை போடுவதென்றால் முழங்கால் தாண்டி இடுப்பு வரை நாம் ஏற்றிவிட்டு, கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் குழந்தை இழுக்கட்டும். ‘நானே போட்டேன்’ என்ற நிறைவு தினமும் கிடைக்கும். அது பழகியதும் நாலு அங்குலம். இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வருவார்கள். தோல்வியில் முடியாத பாடம் இது.

அடுக்களையிலும் கூடத்திலும் எவ்வளவோ கருவிகள் நம்மிடம் உண்டு. கோலமாவைக் கிள்ளி இழுப்பது, பல்லாங்குழியில் ஒவ்வொரு முத்தாகப் போடுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, பூத் தொடுப்பது, சொப்பு வைத்துச் சமைப்பது, நடைவண்டி தள்ளுவது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போடுவது எவ்வளவு நுணுக்கமான கைவேலை! ஸ்பூன் பிடிக்க முடியாத பிள்ளைக்குக் காம்பில் துணி சுற்றித் தடியாக்கலாம். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி போடலாம். நாற்காலியில் கால் தொங்கினால் முக்காலி வைத்துப் பாதம் பதியச் செய்யலாம். கால் ஊன்றினால்தான் கை ஓடும். ஆனால் எந்தக் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதைப் படித்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு நாமாக எதையும் செய்து பார்க்கக்கூடாது.

*ஊரும் மாற வேண்டும்*

குழந்தையை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் போதாது என்பதையும் இந்த ஊர் கற்றது. பேச முடியாத பிள்ளைகள் படத்தைத் தொட்டால் குரல் வரும் ‘ஆவாஸ்’ கருவி சென்னையில், வித்யா சாகரின் துணையோடு உருவானது. 2019இல் சென்னை ஐ.ஐ.டி. மையம் ஒன்று, உட்கார்ந்தவர் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், 1995இல் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது.

பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2022 நவம்பர் 27 அன்று மெரினா மணலில் சக்கர நாற்காலி போகும் மரப்பாதை திறக்கப்பட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வாழ்ந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அன்று நனைத்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. மறுபடி சரிசெய்தார்கள். எத்தனை தெரபி கொடுத்தாலும் மணலில் சக்கரம் ஓடாது. பாதை போட்டால்தான் ஓடும்.

*வரலாறு நமக்குச் சொல்வது*

முதலாவது, காத்திருக்காதீர்கள். “அவன் சித்தப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று சொல்லி ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள். சந்தேகம் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால் நிம்மதி. இருந்தால் சீக்கிரம் தொடங்கியது லாபம்.

இரண்டாவது, கதவை மூடி, பெற்றோரை வெளியே உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தையை ஒப்படைக்கும் பழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. பெற்றோர் உள்ளே இருந்த அறைகளில்தான் இந்த ஊரில் இந்த வேலை வளர்ந்தது. ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மூன்று மாதத்தில் என் குழந்தை எந்த வேலையைத் தானே செய்யப் பழகப்போகிறது? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? முன்னேறியதா என்று எப்படி அளப்பீர்கள்? பதில் சொல்பவரிடம் போங்கள். “பூரணமாகக் குணப்படுத்திவிடுவோம்” என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். பணம் பற்றாதவர்கள் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ காப்பீடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அதில் தெரபிச் செலவும் அடங்கும்.

மூன்றாவது, தாத்தா பாட்டிகளுக்கு. நாம் ஊட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடியும். குழந்தை தானே சாப்பிட்டால் நாற்பது நிமிடம் ஆகும், தரையெல்லாம் சோறு சிந்தும். அந்த நாற்பது நிமிடம்தான் சிகிச்சை. பாசத்தால் நாம் செய்து முடிக்கும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கை கற்றுக்கொள்ளாமல் போன வேலை. நாம் இல்லாத நாளிலும் அந்தக் குழந்தைக்குப் பசிக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லை என்றால், பக்கத்து வீட்டில் இருக்கலாம். அடுத்த பிறந்தநாளுக்கு அந்தக் குழந்தையையும் பெயர் சொல்லி அழையுங்கள். கேக் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.